பெரிய வீட்டுக் கார் வேர்த்த கதை

"வண்டிக்குள்ள உக்காந்தவனுக்கு வழி தெரியாது, வண்டியத் தள்ளுதவனுக்கு…" என்று உலகம்மை அத்தை ஏதோ சொல்வாள். தள்ளுகிறவனுக்கு என்ன தெரியாது என்பது மட்டும் குலசேகரனுக்கு ஞாபகம் வரவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே அவள் சொல்லும்போது சொல்லின் பின்பாதி எச்சிலோடு சேர்ந்து படிக்கத்துக்குள் விழுந்துவிடும், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவனும் சிரித்திருக்கிறான். அத்தை செத்து, அப்பாவும் செத்து, பூட்டிக் கிடந்த வீட்டை ஒழித்துக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஐம்பதைத் தொடப்போகிற வயதில் ராட்டர்டாமிலிருந்து ஆவுடையாள்குறிச்சிக்கு அவன் வந்து இறங்கிய சித்திரை மாதத்தில், கொட்டகைக்குள் நின்ற தாத்தா காலத்துக் கறுப்புக் காரைப் பார்த்தபோது, அந்த அரைச் சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் வந்து நின்றுகொண்டது.

ராஜஸ்தானத்தில் பழைய கார்களைச் சேர்த்துவைத்து ஜனங்களுக்குக் காட்டுகிற ஒருவர் அந்தக் காரை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஓடுகிற கார்தானா என்று அவர் கேட்டதற்கு, "சின்ன வயசில் நானே போயிருக்கிறேன், அருமையாக ஓடும்" என்று குலசேகரன் சொல்லியிருந்தான். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். பியானோவை, பந்தயக் குதிரையை, ஆளுயரக் கண்ணாடி மாதாவை ஒரு கீறல் விழாமல் கடல் தாண்டி இறக்கியவன். ஒரு பொருளைப் பத்திரமாக அனுப்புவது என்றால், பொருள் அப்படியே இருக்கப் பூமி மட்டும் அதன் அடியில் நகர்ந்துபோக வேண்டும் என்பது அவனுடைய தொழில் வேதம். மதுரை டிரான்ஸ்போர்ட்காரரிடம் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான்: திறந்த லாரி ஆகாது, நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும், கூட வேறு எந்த வண்டியும் ஏறக் கூடாது, கட்டுகிற பட்டைகளைக் காரின் உடம்பில் போடாமல் சக்கரத்தில்தான் போட வேண்டும், ஏற்றுகிற பலகை சாய்வு குறைந்ததாக, இழுக்கிற வின்ச் மெதுவானதாக இருக்க வேண்டும், வழியில் எங்கேயும் காரை யாரும் கைவைத்துத் தள்ளக் கூடாது. "ஆகட்டும் சார்" என்றார் மதுரைக்காரர். குலசேகரன் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது காரின் முன்மூடி மேல் ஒரு துளி நின்றது.

முதலில் கொட்டகை ஓடு ஒழுகுகிறது என்றார்கள். சித்திரையில் மழை ஏது என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் பனி என்றார்கள். துடைக்கத் துடைக்க ஊறியது. சக்கரக் கூண்டுகளின் வளைவில் கோடு கோடாக இறங்கி, கதவுப் பிடியில் சொட்டி, எல்லாவற்றையும்விடப் பின்பக்கத்தில், சாமான் பெட்டியின் மூடி மேல், உள்ளங்கை உள்ளங்கையாக, பெருவிரல் சுண்டுவிரல் எல்லாம் தெரிகிற மாதிரி ஈரம் பூத்து வழிந்தது. துடைத்த துணியைப் பிழிந்தால் பழுப்பாக இறங்கியது. நாறியது. கூட்டமான டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொண்டவனுக்குத் தெரிந்த நாற்றம். பகலெல்லாம் வெயிலில் உழைத்துவிட்டுக் குளிக்காமல் படுத்தவனின் தலையணை நாற்றம். குலசேகரன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவினான்.

கார் வேர்த்ததில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேப்பமரத்தில் பால் வடிந்தபோதும், பிள்ளையார் குளிருக்குத் தும்மியபோதும் எப்படி வாங்கிக்கொண்டதோ அப்படியே இதையும் வாங்கிக்கொண்டது. முட்டுவலிக்காரரான பழைய போஸ்ட்மாஸ்டர் சங்கரபாண்டியன் ஒரு துளியைத் தொட்டு முட்டியில் தடவிவிட்டுக் கம்பில்லாமலே டீக்கடைவரைக்கும் நடந்துபோய், அங்கே போன பிறகுதான் கம்பை விட்டுவந்தது ஞாபகம் வந்து திகைத்து நின்றார். அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. டம்ளரோடு வந்தார்கள், செம்போடு வந்தார்கள், பால் சொசைட்டிக்குப் போகிற கேனோடு வந்தார்கள். மல்லிகை வாசம் என்றாள் ஒருத்தி; வெட்டிவேர் என்றாள் இன்னொருத்தி; சந்தனம் என்றது ஒரு கிழவனார்; அவரவர் வீட்டில் எது இல்லையோ அந்த வாசம் அவரவர் மூக்குக்கு வந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாக்கில் தொட்டுவைத்தார்கள். கல்யாணம் குதிராத பெண்களுக்குக் கண்ணில் விட்டார்கள். ரசத்தில் ஒரு கரண்டி விட்டால் உப்பே போட வேண்டியதில்லை என்று மேலத்தெருவில் ஒரு வீட்டில் கண்டுபிடித்ததும் மறுநாள் தெரு முழுவதும் அந்த ரசம்தான். காருக்குப் புழுக்கமாயிருக்குமே என்று இரண்டு பேர் பனைவிசிறியால் வீச ஆரம்பித்தார்கள்; வீசினால் ஊற்று வற்றிப்போகும் என்று வேறு இரண்டு பேர் விசிறியைப் பிடுங்கினார்கள்; கைகலப்பாகி, கடைசியில் காலையில் ஊற்று, மத்தியானத்துக்கு மேல் விசிறி என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ப்பாயிற்று.

குலசேகரனின் சித்தப்பா குற்றாலலிங்கம்தான் இதற்கெல்லாம் முன்னால் நின்றார். வெற்றுடம்பும் பட்டைக்கரை வேட்டியுமாகக் காரின் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, பித்தளை உத்தரணியால் வழிகிறதை வழித்து வரிசையில் நிற்பவர்களின் குழித்த கையில் விட்டார். அவர்கள் அதைக் கண்ணை மூடி உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்கள். குலசேகரன் வரிசையை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"சித்தப்பா, இது வேர்வை."

"காருக்கு எதுக்குடே வேர்க்கும்? வெயில்ல களையா பிடுங்குச்சு?"

"மனுஷ வேர்வை. மோந்து பாருங்க."

"மோந்துட்டுத்தான் குடிச்சோம். வெளிநாட்டுல சென்ட்டு அடிச்சு அடிச்சு ஒனக்கு மூக்கு செத்துப்போச்சு" என்று சொன்ன சித்தப்பா வரிசையைப் பார்த்து, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டும். வீட்டுக்கு ஒரு உத்தரணிதான். எலே, நீ ரெண்டாம் தடவை வாரியே!" என்றார்.

குலசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் அதில் அது கலந்திருக்கும் என்று பட்டது. டவுனிலிருந்து வாங்கிவந்த ரொட்டியை ஜன்னலைச் சாத்திக்கொண்டு தின்றான்.

அப்படித் தின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் பேராச்சி வந்தாள். தெற்குத்தெருக்காரர்கள் பெரிய வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருவது. அவள் முன்வாசலில் வந்து, வால்வு திருகுகிற நீளக் கம்பியைத் தரையில் ஊன்றி நின்றாள். நாற்பதைத் தாண்டிய வயது, காக்கிச் சட்டை, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"நான் பேராச்சி. பஞ்சாயத்து டேங்க்குல தண்ணி தொறந்து விடுதது நான்தான். உச்சிமாகாளி மக."

உள்ளே வரச் சொன்னான். "இருக்கட்டும்" என்றாள். பிறகு, குழாய் ரிப்பேரைச் சொல்வது போலச் சொன்னாள்: "எங்க ஐயாவுக்கு வேர்க்க மாட்டேங்கு."

"எப்போதிலிருந்து?"

"ஒங்க காருக்கு வேர்க்க ஆரம்பிச்ச அன்னைலருந்து. ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கு. வேர்க்காட்டி சூடு உள்ளேயே நின்னு ஆளைக் கொன்னுரும்னு பெரியாஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு. டேங்க்குக்கு அடியிலயே ஐயாவ உக்காத்தி வச்சு ஊத்திக்கிட்டே இருக்கேன். ஊத்துத தண்ணி புகையாப் போவுது. எத்தனை நாளைக்கு ஊத்த?"

"அவருக்கும் காருக்கும்…"

"வண்டி தள்ளுன எட்டுப் பேருல மிச்சம் எங்க ஐயா ஒருத்தருதான். மத்தவங்க போய்ச் சேந்துட்டாவ. செத்தவங்க வேர்வை செத்துப் போன கணக்கு. இருக்குற ஒத்தை ஆள ஒங்க கார் உறிஞ்சுது, அத ஒங்க ஊரு உறிஞ்சுது."

பழைய கார், அடிக்கடி நின்றிருக்கும், தள்ளியிருப்பார்கள் என்று குலசேகரன் நினைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்து அதைப் படித்தவள் மாதிரி அவள், "ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?" என்று கேட்டாள். கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, விடுங்க. அத எங்கயோ தூரமா அனுப்பப் போறியளாமே, வெரசா அனுப்புங்க. கண்காணாமப் போனா ஐயாவ விட்டுரும்னு தோணுது. இந்தக் கோடைக்கு மேல அவரு தாங்க மாட்டாரு."

அன்றைக்கே அவன் மதுரைக்குப் போன் செய்து லாரியைச் சீக்கிரம் அனுப்பச் சொன்னான். சித்தப்பா குறுக்கே விழுந்தார். கார் எங்கேயும் போகாது, அம்மன் கொடைக்கு அம்மனே அதில்தான் பவனி வரப்போகிறாள், ஊர் முடிவு பண்ணியாச்சு என்றார்.

"ஒரு ஆள் செத்துப்போவார், சித்தப்பா."

"எவன்? உச்சிமாகாளியா? வயசாச்சுல்லா அவனுக்கு" என்றார் சித்தப்பா. சொல்லிக்கொண்டே மீசையில் ஒட்டியிருந்ததை நாக்கால் நக்கினார். காரின் காகிதம் குலசேகரன் அப்பா பேரில் இருந்ததால்தான் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

லாரி வந்தது. வெள்ளைப் பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடிய வண்டி; ஓட்டிவந்தவர் நாமக்கல் பக்கத்து மாதேஸ்வரன், கழுத்தில் துண்டும் வாயில் ஏலக்காயுமாக நிதானமான மனிதர். இறங்கி வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏனுங்ணா, உள்ள எலி கிலி செத்துக் கெடக்குதுங்ளா?" வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். மாதேஸ்வரன் அதைக் கவனிக்காமல் காரைச் சுற்றிவந்து நாலு பக்கமும் செல்போனில் படம் பிடித்தார், சக்கரங்களைக் காலால் எத்திப் பார்த்தார், கதவில் இருந்த பழைய கீறல்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டார். "டேங்க்குல பெட்ரோல் இருந்தா எடுத்துப்போடோணுங். பேட்டரி ஒயரக் கழட்டோணும். முன்னால மூடியத் தொறங்ணா."

"அது தொறக்கதுக்கில்ல" என்று சித்தப்பா முக்காலியிலிருந்து எழுந்தார். "எங்க குடும்பத்துல அத யாரும் தொறக்கது வழக்கம் இல்ல."

குலசேகரன் திறந்தான்.

இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் உப்பு இருந்தது. வெள்ளை வெளேரென்று, பாத்தியில் வாரிக் குவித்த மாதிரி, கட்டி கட்டியாக, அடிமுதல் விளிம்புவரைக்கும் உப்பு. நடுவில் ஒரு இடத்தில் அது இலேசாகத் துடித்துக்கொண்டிருந்ததாகக் குலசேகரனுக்குத் தோன்றியது. மாதேஸ்வரன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை டவுசரில் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சின் எங்கீங்?"

"கெணத்துல" என்றார் சித்தப்பா. அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வானம் பொய்த்த ஒரு வருஷத்தில், தோட்டத்து வாழை கருகியபோது, தாத்தா காரிலிருந்து இஞ்சினைக் கழற்றிக் கிணற்றுமேட்டில் வைத்துத் தண்ணீர் இறைத்தார். வாழை பிழைத்தது. இஞ்சின் அங்கேயே துருப்பிடித்து மண்ணோடு மண்ணாயிற்று. "அதுக்காகப் பெரிய வீட்டு ஆளுக கல்யாணத்துக்கும் எழவுக்கும் நடந்தா போக முடியும்? கௌரவம்னு ஒண்ணு உண்டும்லா."

"அப்ப கார் எப்படி ஓடிச்சு?"

"ஓடுச்சே! நீயே போயிருக்கியேடே. தெக்குத்தெருவுல எட்டுப் பேரு. அவனுவளுக்கு அது பரம்பரைப் பாத்தியதை. தலை பின்கண்ணாடிக்கு மேல தெரியக் கூடாது, அவ்வளவுதான். குனிஞ்ச வாக்குல தள்ளுவானுவ."

குலசேகரனுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. பின்சீட்டில், அத்தையின் மடியில் தலைவைத்து, காரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் தூங்கியிருக்கிறான். மேட்டில் ஏறும்போது கனத்து, பள்ளத்தில் இறங்கும்போது இழைந்து, தெரு முனையில் விக்கி விக்கித் திரும்பும் சத்தம். கடல் தாண்டிப் போன பிறகும் தூக்கம் வராத நாட்களில் அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

"சத்தம் கேட்டுதே, சித்தப்பா. இஞ்சின் சத்தம்."

"கேக்காம? சத்தத்துக்குன்னே ஒருத்தன் உண்டும். உச்சிமாகாளிக்கு அப்பமே நல்ல தொண்டை. மேட்டுல ஒரு மாதிரி, எறக்கத்துல ஒரு மாதிரி போடுவான். ஒங்க அப்பா கல்யாணத்துல இருமல் வந்து நிறுத்திட்டான் பாரு, தாத்தா வந்த கோவத்துக்கு…" சித்தப்பா சிரித்தார். வரிசையில் நின்ற வயதானவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு அப்போதும் தெரியும். பெரிய வீட்டுக் கார் வருது என்று ரோட்டை விட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபோதும் தெரியும்.

குலசேகரன் அவர்களைப் பார்த்தான். அந்த எட்டுப் பேர் கையால் ஒரு நாளும் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடுகள் எல்லாம் டம்ளரோடு நின்றன. பேராச்சி திறந்துவிடுகிற குழாய்த் தண்ணீரை இன்றைக்கும் மஞ்சள்பொடி தெளித்துவிட்டுத்தான் குடத்தில் பிடிக்கிற வீடு இரண்டு உண்டு. அந்த இரண்டும் முன்வரிசையில் நின்றன.

"நீங்க குடிக்கிறது உச்சிமாகாளியோட வேர்வை" என்று உரக்கச் சொன்னான். "உங்க குழம்புல ஊத்தினது, பிள்ளைங்க நாக்குல வச்சது, எல்லாம் அதுதான்."

ஒருவராவது குமட்டித் துப்புவார் என்று அவன் காத்திருந்தான். துப்பினால்கூடப் போதும் என்றிருந்தது அவனுக்கு. துப்பினால் அது மனுஷனுடையது என்று ஒத்துக்கொண்ட மாதிரியாவது ஆகும். போஸ்ட்மாஸ்டர் சங்கரபாண்டியன்தான் தொண்டையைச் செருமினார். "அதுக்கென்ன தம்பி? கார் வழியா வருதுல்லா. இரும்புல வடிஞ்சா எல்லாம் சுத்தமாயிரும்."

"அதானே" என்றாள் ஒருத்தி. "தாகத்துக்குக் குடிச்சாத்தான் தோஷம். மருந்துக்குக் குடிக்கதுக்கு என்ன?"

வரிசை நகர்ந்தது. குலசேகரன் செம்பருத்திச் செடிப் பக்கம் போய் வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தான். பின்னாலேயே வந்த மாதேஸ்வரன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "விடுங்ணா. ஏத்தி எடுத்துட்டுப் போயிரலாம். ஆடு மாடு, அரிசி மூட்டை, எல்லாம் ஏத்தியிருக்கறனுங். நாத்தம் ரோட்டுல போனாப் போயிரும்."

ஏறுபலகையை இறக்கி, வின்ச் கயிற்றைக் காரின் அடியில் மாட்டி, சக்கரத்துக்குக் குறுக்குக் கட்டைகளோடு ஆள் நிறுத்தி, எல்லாவற்றையும் குலசேகரன் சொன்னபடியே மாதேஸ்வரன் செய்தார். மோட்டார் உறுமியது. கயிறு விறைத்தது. முன்சக்கரம் பலகையைத் தொட்டதோ இல்லையோ, கார் முழுவதும் குபுகுபுவென்று பொங்கிவிட்டது. கதவிடுக்கிலிருந்தும் கண்ணாடி விளிம்பிலிருந்தும் மதகு திறந்த மாதிரி கொட்டியது. ஜனங்கள் "அம்மா தாயே" என்று அண்டா குண்டாவோடு ஓடிவந்து அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். அதே நேரம் தெற்குத்தெருவிலிருந்து ஒரு பெண்ணின் கூப்பாடு கிளம்பி, கூரை கூரையாகத் தாவி, பெரிய வீட்டு வாசலுக்கு வந்தது. உச்சிமாகாளிக்குக் கண் செருகிவிட்டது, வாய் கோணுகிறது, உடம்பைத் தொட முடியவில்லை.

"நிறுத்துங்க!" என்று குலசேகரன் கத்தினான். "இறக்குங்க, இறக்குங்க!"

கயிறு தளர்ந்து கார் பின்னால் உருண்டு, கொட்டகைப் பக்கமாக முகம் திரும்பித் தரையில் நின்றது. கொட்டுவது குறைந்து பழையபடி சொட்ட ஆரம்பித்தது. அண்டாவோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஏமாற்றத்தோடு அவனைப் பார்த்தார்கள். தூரமாகப் போனால் விட்டுவிடும் என்று பேராச்சி நினைத்தது தப்பு. மிஷின் இழுத்தால் கார் கிழவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

"வாசல்லயே நிக்குதே, கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டாமா?" என்றார் சித்தப்பா. "தெக்குத்தெருவுல நாலு பயல்களைக் கூட்டியாங்கடே."

"ஒருத்தனும் வர மாட்டான்." பேராச்சி வாசலில் நின்றாள், சேலையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கியது. "எங்க தெருவுல எவனும் இனிக் குனிய மாட்டான். அண்டா பிடிக்கத் தெம்பு இருக்குல்லா, நீங்களே தள்ளுங்க."

அண்டா பிடித்தவர்கள் அண்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்கள்.

குலசேகரன் சட்டையைக் கழற்றிக் கேட்டில் போட்டான். காரின் பின்னால் போய், மூடியின் மேல் ஈரமாகப் பூத்திருந்த கைகளின் மேல் தன் கைகளை வைத்தான். வழவழவென்று, வெதுவெதுவென்று இருந்தது. அருவருப்பில் தோள்வரை சிலிர்த்தது. "என்னடே செய்யுத? பெரிய வீட்டுப் பிள்ளை…" என்று சித்தப்பா கூவிக்கொண்டு வருவதற்குள் அவன் குனிந்தான். கார் அசையவில்லை. இன்னும் குனிந்தான். முழங்காலில் நரம்பு இழுத்தது, நெற்றியில் வேர்வை முளைத்து மூக்கு வழியாக இறங்கி உதட்டில் கரித்தது, அது அவனுடையது. கார் ஒரு முழம் நகர்ந்தது. அவன் கைக்கடியில் இரும்பு காய ஆரம்பித்தது. நகர நகரக் காய்ந்தது, வெயிலில் போட்ட துணி மாதிரி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்தது.

பேராச்சியின் செல்போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள், "நெத்தியிலயா? நல்லாப் பாத்தியா, நான் ஊத்துன தண்ணியில்லையே?" என்றாள். பிறகு குலசேகரனிடம், "ஐயாவுக்கு முத்து முத்தா வேர்க்காம்" என்றாள்.

அவன் நின்று மூச்சு விட்டான். கிழவர் பக்கத்திலிருந்து போனில் பேசியவள் நின்றுபோச்சு என்றாள். அவன் தள்ளினான். வேர்க்கிறது என்றாள். கொட்டகை வந்து, மேலே தள்ள இடமில்லாமல் அவன் நிமிர்ந்தபோது கிழவருக்கு ஒரு டம்ளர் வேர்வை வந்திருந்தது. தள்ளிய தூரத்துக்கு அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. அவர் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாராம்.

சாயங்காலம் குலசேகரன் தெற்குத்தெருவுக்குப் போனான். பிறந்த ஊரில் அந்தத் தெருவுக்குள் அவன் கால்வைப்பது அதுதான் முதல் தடவை. தண்ணீர்த் தொட்டியின் நாலு தூண்களுக்கு நடுவே, குழாய்க்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உச்சிமாகாளி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் தலையில் விழுந்து ஆவியாக எழும்பியது. இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி புகைக்கு நடுவே ஒரு பொக்கைவாய்.

"சின்ன மொதலாளியா? வாங்க, வாங்க."

"மொதலாளியாம்!" என்றாள் பேராச்சி. "வாய மூடிக்கிட்டுக் கஞ்சியக் குடிங்கய்யா."

"கெடக்கா இவ. தள்ளுனியளாமே?"

"ஆமா."

"எப்படி இருந்துது?"

குலசேகரன் யோசித்தான். "ஒண்ணும் தெரியல. என் கால் விரல் தெரிஞ்சது. ஒரு எறும்பு தெரிஞ்சது."

கிழவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "அதான்! தள்ளுதவனுக்கு ஊரு தெரியாதும்பா ஒங்க அத்தை. எங்க காதுல விழட்டும்னேதான் சொல்லுவா. நெசம்தானே? இந்த ஊரு கல்யாணம் அம்புட்டுக்கும் நான் போயிருக்கேன். ஒரு பொண்ணு மாப்பிள்ளை மொகத்தப் பாத்ததில்ல. ஒங்க அம்மா மருதாணி போட்ட காலத் தெரியும், மொகம் தெரியாது."

குலசேகரன் தலையைக் குனிந்து ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மொத்தம் எவ்வளவு தூரம் தள்ளியிருப்பீங்க?"

"தூரத்த யாரு கண்டா? காலைக் கேக்கணும். அது கெடக்கட்டும், அந்த ராசஸ்தானம்கிறது தூரமோ?"

"தூரம்தான்."

"நம்ம வண்டி அங்க போயிச் சேந்துருமா?"

"சேர்க்கணும்."

"அப்பம் சத்தம் போடணும், கேட்டியளா. சத்தம் இல்லாட்டி முன்னால போறவன் விலக மாட்டான்." கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, தொண்டையின் அடியிலிருந்து, துருப்பிடித்த ஒரு உறுமல் புறப்பட்டு, விக்கி, பிடித்துக்கொண்டு, மேடேறியது. குலசேகரனுக்குக் கண் சொருகியது. அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு இன்னும் தூங்கப் பழகியிருந்ததை நினைத்ததும் வாயில் பித்தம் மாதிரி கசந்தது. எழுந்துகொண்டான்.

"ஒரு எழவுச் சத்தமும் வேண்டாம்" என்றாள் பேராச்சி, குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திருகிவிட்டு. "சைக்கிள் பெல்லு ஒண்ணு வாங்கி மாட்டுனாப் போதும்."

திரும்பி வந்தபோது சித்தப்பா வாசலில் நாலு பெரிய மனிதர்களோடு நின்றார். கொடைவரைக்குமாவது கார் இருக்கட்டும் என்றார்கள். மீதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை பட்டப்பகலில் குனிந்ததை ஊர் மறந்துவிடத் தயார் என்றார்கள். ஒருவர் கையில் செம்பு இருந்தது. லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன் எழுந்து வந்து, "என்னங்ணா பண்றதுங், நாளைக்கு ஏத்திப் பாக்கலாங்ளா?" என்று கேட்டார்.

குலசேகரன் லாரியை வெறுமனே திருப்பி அனுப்பச் சொன்னான். பிறகு ராஜஸ்தானத்துக்காரருக்குப் போன் செய்து, கார் வரும், இஞ்சின் இல்லாமல் வரும், வந்து சேரும் நாளைச் சொல்ல முடியாது, நானே தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னான்.